டெக்கோடரில் பதிந்ததை வெளியே எடுத்து வைப்பது: மலேசியா, பினாங்கின் பிறையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிந்த நிகழ்ச்சி, டிவியோடு இணைத்திருக்கும் அந்த டெக்கோடர் பெட்டி உயிரோடு இருக்கும் வரைதான் இருக்கும். பெட்டி பழுதானாலும், ஒப்பந்தம் முடிந்து திருப்பிக் கொடுத்தாலும், புது மாடலுக்கு மாற்றினாலும், உள்ளே சேர்த்து வைத்த அத்தனையும் அதோடு போய்விடும். நம் ஊர்த் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இது பெரிய இழப்பு. சென்னையில் எடுத்த படம் எங்காவது திரும்பக் கிடைக்கும். தீபாவளிக்கு நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பாடியது, பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில் நமக்குத் தெரிந்த ஆசிரியர் பேசியது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ரதம் போன நேரலை, இவையெல்லாம் பிறகு இணையத்தில் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால்தான் பல வருடமாக இந்த வேலையை விடாமல் செய்து வருகிறேன். எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் எது நிலைத்தது, எது காலை வாரியது என்பதை எழுதுகிறேன்.

முதலில் இலவச ஒளிபரப்பு. மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு பழைய அனலாக் ஒளிபரப்பு முழுவதுமாக நின்றது. இப்போது அரசின் ஆர்டிஎம், மற்ற இலவச அலைவரிசைகள் எல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் ஏரியல் வழியாக வருகின்றன. பூட்டு இல்லாத ஒளிபரப்பு என்பதால், யூஎஸ்பி துளை உள்ள பெட்டி ஒன்றை வாங்கி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் டிவி2 தமிழ்ச் செய்தியிலிருந்து எல்லாவற்றையும் பதியலாம். வந்த சமிக்ஞையை அப்படியே டி.எஸ் கோப்பாக எழுதிவிடுவதால் படத்தின் தரம் துளியும் குறையாது. இந்தக் கோப்பு முறையில் எனக்குப் பிடித்த இன்னொன்று: 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரிசையாக எழுதப்படுவதால், பாதியில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது ஓடும். எம்பி4 அப்படி இல்லை. அதன் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும், அதற்குள் நின்றுபோனால் முழுக் கோப்பும் திறக்காது.

பிறையில் ஏரியலை வடக்கே ஜெராய் மலைப் பக்கம் திருப்பினால் போதும், படம் கண்ணாடி மாதிரி வரும். பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் சித்தப்பா வீட்டில் குன்று மறைப்பதால் வேறு திசைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பார்க்கும்போது பெரிதாகத் தெரியாத சமிக்ஞைக் குறை பதிவில் நன்றாகத் தெரியும். படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி வெட்டுப்படும், அந்தக் கோப்பைப் பிறகு வெட்டி எடுக்கும்போது ஒலியும் உதட்டசைவும் பிரிந்து நிற்கும். பெட்டியின் மெனுவில் வலிமை, தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். வலிமையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், தரக் கோடு ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது டிஸ்க். மலிவான பென்டிரைவ் நிகழ்ச்சி பார்க்க உதவும், பதிய உதவாது. எழுதும் வேகம் நடுவில் விழுந்தால் சில விநாடிகள் காணாமல் போகும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் வேறு சிக்கல். பெட்டியின் யூஎஸ்பி துளை கொடுக்கும் மின்சாரம் பல டிஸ்க்குகளுக்குப் போதாது. 'டிக் டிக்' என்று சத்தம் வந்து பதிவு தானாக நின்றால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போட்டதும் எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை முடிந்தது. பிறகு சின்ன எஸ்எஸ்டிக்கு மாறினேன், இன்றுவரை குறையில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் நீண்ட நிகழ்ச்சியைப் பெட்டி துண்டு துண்டாக எழுதும். ஒரு விநாடிக்கு 4 மெகாபிட் வரும் அலைவரிசை என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி ஆகும். 1 டிபி டிஸ்க்கில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். இடி மின்னல் வந்தால் எல்லோரும் முதலில் ஏரியல் வயரைப் பிடுங்குவோம், சுவிட்சை அணைப்போம். அம்மா இதில் ரொம்பக் கறார். அது சரியான பழக்கம்தான், மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் டைமர் வைத்த பெட்டி காத்திருப்பு நிலையில் இருந்தால்தான் நேரம் வந்ததும் எழுந்து பதியும், சுவரில் அணைத்தால் பதியாது. அதனால் முக்கியமான நிகழ்ச்சிகளை அம்மாவிடம் முன்பே சொல்லி வைப்பேன், நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டமும் போடுவேன். மழை ஓய்ந்ததும் அம்மாவே வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, "டேய், போட்டுட்டேன், பச்சை லைட்டு எரியுது" என்று போன் போடுவார். இன்னொன்று, டைமர் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யும், நிகழ்ச்சியைப் பார்த்து அல்ல. நேரலை நீண்டுவிட்டால் அடுத்த நிகழ்ச்சி தள்ளிப்போகும். முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் பதினைந்து நிமிடம் கூட்டி வைத்துவிடுங்கள். அதிகம் பதிந்ததை வெட்டிக்கொள்ளலாம், பதியாத கடைசிக் காட்சியை எங்கே தேடுவது?

கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டி முற்றிலும் வேறு உலகம். அங்கே டிஸ்க்கில் எழுதப்படுவது பூட்டிய கோப்பு, சாவி அந்தப் பெட்டியோடும் அட்டையோடும் கட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் ஒன்றும் கிடைக்காது. அதைவிட ஆபத்து, விண்டோஸ் அந்த டிஸ்க்கைப் புரிந்துகொள்ளாமல் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். ஆம் என்று ஒரு முறை அழுத்தினால் எல்லாம் போச்சு. பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களின் பக்கமும் போகாதீர்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் அதை அனுமதிக்காது, தவிர அந்தக் கோப்புகளோடு கணினிக்குள் என்னென்ன வந்து சேரும் என்று சொல்லவும் முடியாது.

பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுப் பெட்டி அடிக்கடி உறைந்து நிற்க ஆரம்பித்தபோது, மாற்றித் தர ஆள் வருவதாகத் தேதி கொடுத்தார்கள். பழைய பதிவுகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றித் தருவீர்களா என்று கேட்டதற்கு, முடியாது என்று ஒரே வார்த்தையில் பதில். உள்ளே அக்கா மகள் பள்ளிக் குழுவோடு பாடிய தீபாவளி நிகழ்ச்சி இருந்தது. "தம்பி, மத்ததெல்லாம் போனாப் போகட்டும், பாப்பா பாட்டை மட்டும் எப்படியாவது எடுத்துக் குடுத்திரு" என்றார் அக்கா.

அந்தப் பழைய பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள் இருந்தன. வீடியோ டேப் காலத்தில் பயன்பட்ட அதே ஏவி வெளியீடு. எழுபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாங்கிய, டிவி படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கருவியை அதில் மாட்டி, மறுமுனையை மடிக்கணினியில் செருகி, ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருளில் பதிவை ஓடவிட்டேன். இதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேர நிகழ்ச்சியை எடுக்க ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ரிமோட்டை யாரும் தொடக்கூடாது, திரையில் பெட்டியின் பெயர்ப் பட்டை மறைந்த பிறகு தொடங்க வேண்டும், மடிக்கணினி தூங்கப் போகாதபடி அமைக்க வேண்டும். படம் 720-க்கு 576 புள்ளிகள்தான், பெரிய திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். ஓபிஎஸ்ஸில் கோப்பு வகையை எம்கேவி என்று வைத்தேன், நடுவில் ஏதாவது நின்றாலும் எடுத்தது பிழைக்க வேண்டும் என்பதற்காக. இடைப்பின்னல் வரிகளை நீக்கும் வசதியையும் முன்பே போட்டுவிட்டேன், இல்லையென்றால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். பாட்டு வந்தது, பாப்பாவின் முகமும் தெளிவாக வந்தது. அக்கா அன்று இரவே தாப்பாவில் இருக்கும் மாமியார் வரை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

புதிய பெட்டிகளில் இந்த மூன்று துளைகள் பெரும்பாலும் இல்லை. எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், பூட்டிய அலைவரிசைகளில் கேப்சர் கருவிக்குக் கறுப்புத் திரைதான் வரும். ஆகவே பழைய பெட்டி வீட்டில் இருக்கும்போதே, அதில் இருப்பதில் எது முக்கியம் என்று பார்த்து எடுத்துவிடுங்கள். மாற்றும் தேதி வரட்டும் என்று காத்திருந்தால், அந்த வாரம்தான் பெட்டி முழுசாகப் படுத்துவிடும்.

எடுத்த பிறகு என்ன செய்கிறேன்? முதலில் விஎல்சியில் ஓட்டிப் பார்ப்பேன், தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும். அப்புறம் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் விளம்பரங்களை வெட்டுவேன். மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் அப்படியே இருக்கும், ஒரு மணி நேரக் கோப்பும் சீக்கிரம் முடிந்துவிடும். முழுமையாக எழுதப்பட்ட சட்டகம் (கீஃப்ரேம்) உள்ள இடத்தில் மட்டுமே வெட்டு விழும் என்பதால் ஓரிரு விநாடி விளம்பரம் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். டி.எஸ்ஸிலிருந்து எம்கேவி உறைக்கு மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் போதும், 'காப்பி' என்ற கட்டளையோடு. மலாய் வசன எழுத்துகள் (சப்டைட்டில்) படத்தில் பதியாமல் தனி ஓடையாக வந்திருந்தால் எம்கேவி அதையும் காப்பாற்றும். கோப்பைச் சுருக்கி இடம் மிச்சம் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நிகழ்ச்சி உங்களுக்கு முக்கியம் என்றால் மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமா, அதற்குத் தனியாகச் சின்னப் பிரதி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

பெயர் வைப்பதில் வருடம், மாதம், தேதி, அலைவரிசை, நிகழ்ச்சி என்ற வரிசையை மாற்றுவதே இல்லை. பெட்டி தானாக வைக்கும் எண்களை விட்டுவிட்டால் ஒரு வருடம் கழித்து எது எந்தத் தீபாவளி என்று யாராலும் சொல்ல முடியாது. யார் யார் வருகிறார்கள் என்று ஒரு சிறு குறிப்புக் கோப்பையும் பக்கத்தில் போடுவேன். எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் ஒவ்வொரு டிஸ்க், இரண்டிலும் ஒரே கோப்புகள். தீபாவளிக்குப் போகும்போது புதியவற்றை ஏற்றிவிடுவேன். நம் ஊர் ஈரக் காற்றில் பழைய வீடியோ டேப்புகளில் பூஞ்சை பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி ஏன் போதாது என்று விளக்க வேண்டியதில்லை.

புதிதாக டிவிபி-டி2 பெட்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். பதியும் வசதி உண்டு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும், சில மாடல்கள் தாம் எழுதிய கோப்பைத் தாங்களே மட்டும் திறப்பதுபோலப் பூட்டிவிடுகின்றன. வேகமான பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டு ஒரு நிமிடம் பதிந்து, மடிக்கணினியில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். ஓடினால் வாங்குங்கள். ஓடாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.