பிஎஸ்2 மெமரி கார்டு பேக்கப்: லேன் கேபிளா, பென்டிரைவா?

பிளேஸ்டேஷன் 2 மெமரி கார்டின் கொள்ளளவு வெறும் 8 எம்பி. இருந்தாலும் அண்ணன் தம்பிகள் கோடை லீவு முழுக்க உட்கார்ந்து சேர்த்த சேவ் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கார்டு போனால் அவையும் போச்சு. அதனால் இன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

லேன், பென்டிரைவ் இரண்டு வழிக்குமே கன்சோலிலேயே ஓடி கோப்புகளை நகலெடுக்கும் யுலான்ச்எல்ஃப் என்ற இலவச மென்பொருள் வேண்டும். ஃப்ரீ மெக்பூட் கார்டு (இப்படிப்பட்ட மென்பொருள்களைத் திறக்க வழிசெய்யும் மெமரி கார்டு) இருந்தால் அதிலிருந்தே திறக்கலாம். 90000 வரிசை ஸ்லிம்களில் (பிஎஸ்2-இன் மெலிந்த மாடல்) பிந்தி வந்தவற்றில் அது எடுக்காது. அவற்றுக்கு அதே வேலையை டிவிடி மூலம் செய்யும், 2020-இல் வந்த ஃப்ரீடிவிடிபூட் டிஸ்க் இருக்கிறது.

ஸ்லிம் வைத்திருப்பவர்களுக்கு லேன் வழி சுகம். ரௌட்டரிலிருந்து கேபிளைச் செருகி யுலான்ச்எல்ஃபில் உள்ள பிஎஸ்2நெட்டைத் தொடங்கினால் கன்சோலே எஃப்டிபி சர்வர் ஆகிவிடும், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைக் கொடுக்கும். கம்ப்யூட்டரில் ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி மென்பொருளைத் திறந்து கன்சோலின் ஐபி முகவரியைக் கொடுத்தால் இரண்டு ஸ்லாட்டும் ஃபோல்டர்களாகத் தெரியும், இழுத்துப் போட வேண்டியதுதான். பலர் தடுக்கி விழுவது ஐபி முகவரியில். கன்சோலுக்கு முதலில் இருப்பது 192.168.0.10. உங்கள் ரௌட்டர் 192.168.1 வரிசையில் இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. கன்சோலின் நெட்வொர்க் அமைப்பு இருக்கும் ஐபிகான்ஃபிக் கோப்பில் எண்ணை மாற்றுங்கள். ஃபைல்ஜில்லாவில் ஒரே நேரத்தில் ஒரு கோப்பு மட்டும் போகும்படி வையுங்கள். பழைய பெரிய மாடலுக்குத் தனி நெட்வொர்க் அடாப்டர் தேவை. அதற்காக சேலம் முழுக்க அலைய வேண்டாம், பென்டிரைவ் வழியே போதும்.

பென்டிரைவ் ஃபேட்32-இல் ஃபார்மேட் ஆகியிருந்தால் போதும். பிஎஸ்2-இன் யுஎஸ்பி 1.1 மெதுவானதுதான், ஆனால் 8 எம்பிக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் பிஎஸ்யு பேஸ்ட், அதாவது ஒரு சேவை ஒரே பிஎஸ்யு கோப்பாக ஒட்டும் யுலான்ச்எல்ஃப் வசதி. எஃப்டிபியில் கோப்புகள் வந்து சேரும், ஆனால் கார்டில் பதிவான தேதியும் கோப்புப் பண்புகளும் கூடவே வராது. பிஎஸ்யு கோப்பு அவற்றையும் சேர்த்துக் கட்டி வைக்கிறது. பிற்பாடு மைஎம்சி என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் வழியாக அதை, கம்ப்யூட்டரில் பிஎஸ்2 கேம்களை ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரின் கார்டுக்குள்ளும் ஏற்றலாம். ஏற்காட்டில் சித்தப்பா வீடு மாதிரி ரௌட்டரே இல்லாத இடத்திலும் வேலை நடக்கும்.

லேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கடி விளையாடுகிறவர்கள் வாராவாரம் நகல் எடுக்க அது நல்ல வழி. வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும்படி ரௌட்டரில் போர்ட் மட்டும் திறந்துவிடாதீர்கள், எஃப்டிபியில் எதுவும் மறைகுறியாக்கம் ஆவதில்லை.

அப்புறம், நகல் எடுக்கும்போது கார்டைப் படிக்க மட்டுமே செய்கிறோம். திரும்ப ஏற்றும்போதுதான் எழுதுகிறோம். நடுவில் கரண்ட் போனால் கார்டே கெட்டுப்போகலாம். சேர்வராயன் மலைப்பக்கம் இடி கேட்கிற சாயங்காலத்தில் அந்த வேலையில் இறங்காதீர்கள்; இன்வெர்ட்டர் உள்ள லைனில் செருகிவிட்டுச் செய்யுங்கள்.