மனநல ஆப்பில் நான் பேசியது விற்பனை ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

ஆன்லைனில் மனநல ஆலோசனை என்று விளம்பரம் பார்த்து ஏதாவது ஒரு ஆப்பில் பணம் கட்ட இருப்பவர்கள், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆப்பின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு காரணம். இன்னொன்று, தெரபிஸ்டிடம் பேசியதை விற்பனை ஆள் கையில் கொடுக்கும் இந்த வேலையைச் செய்வது ஒரே ஒரு ஆப் இல்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன வருடம் ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒரு நாள், கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து, விரல் மரத்து, இதோ போகப்போகிறேன் என்று ஆகிவிட்டது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. குடும்ப டாக்டர்தான் இது பேனிக் அட்டாக் என்று சொல்லி, ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்து, "மாத்திரை மட்டும் போதாது தம்பி, யாராவது நல்ல சைக்காலஜிஸ்ட்கிட்ட பேசுங்க" என்றார். இங்கே மனநல கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றினால் சாயங்காலத்துக்குள் நிட்டிங் யூனிட் வரைக்கும் செய்தி போய்விடும். அதனால் ஆன்லைன்.

அந்த ஆப்பின் விளம்பரத்தில் எல்லாமே சரியாக இருந்தது. தமிழில் பேசும் தெரபிஸ்ட், 50 நிமிட வீடியோ செஷன், முழு ரகசியம், "டெலிமெடிசின் விதிகளுக்கு உட்பட்டது". எட்டு செஷன் பேக்கேஜ் 7,999 ரூபாய், இன்று இரவு 12 மணிக்குள் கட்டினால் மட்டும் இந்த விலை என்று ஒரு கடிகாரம் வேறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் திறந்தாலும் அதே கடிகாரம், அதே 12 மணி.

முதல் செஷனுக்கு வந்த அம்மையாரின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. கேமரா அணைந்தே இருந்தது, நெட் சரியில்லையாம். நான் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசினேன். வேறு தனி இடம் கிடையாது. அவர் பக்கம் ஹாரன் சத்தம். நான் என் அப்பாவின் கடனைப் பற்றி, அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில், "அண்ணா, அந்த லெஃப்ட்ல நிறுத்துங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். அப்புறம் என்னிடம், "ம், கேக்குது, சொல்லுங்க சார்." அரை மணி ஆகும் முன்பே முடிந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், பாசிட்டிவாக நினையுங்கள், காலையில் கண்ணாடி பார்த்து 'நான் தைரியசாலி' என்று சொல்லுங்கள் என்றார். மற்ற செஷன்களும் இப்படித்தான் போயின. ஒருமுறை, "இந்த மாத்திரையெல்லாம் கெமிக்கல் சார், மெதுவா நிறுத்திடுங்க, நம்ம ஆப்லயே தூக்கத்துக்கு ஹெர்பல் இருக்கு" என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கவுன்சிலருக்கு மாத்திரை எழுதவும் உரிமை இல்லை, நிறுத்தச் சொல்லவும் உரிமை இல்லை. மனப்பதற்றத்துக்குக் கொடுக்கும் பல மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் பட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். நான் குடும்ப டாக்டரிடம் போனில் கேட்டேன். அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் பதிவு எண் கேட்டேன். "அது கம்பெனி பாலிசி சார், ஷேர் பண்ணக்கூடாது" என்று பதில். விடாமல் கேட்டதில் ஒரு சான்றிதழ் படம் வந்தது: ஒரு மாத ஆன்லைன் கவுன்சிலிங் கோர்ஸ். டாக்டர் பட்டம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்று வரை பதில் இல்லை.

விதி என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். இந்தியாவில் டெலிமெடிசின், அதாவது போன், வீடியோ வழியாக மருத்துவம் பார்ப்பதற்கான வழிகாட்டுதல் 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய சமயத்தில் வந்தது. அது பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானது. மருத்துவர் முதலில் தன்னை யார் என்று சொல்ல வேண்டும், பதிவு எண் தெரியும்படி இருக்க வேண்டும், நோயாளியின் சம்மதம் வேண்டும், பதிவுகளை வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் பெரும்பாலான மருந்துகளை இந்த வழியில் எழுதித் தரக்கூடாது. செயற்கை நுண்ணறிவை வைத்து நடக்கும் தளம் தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. (நான் சேர்ந்த ஆப்பின் சாட்டில் நடுராத்திரியிலும் நொடிக்குள் பதில் வரும். ஒருமுறை என்னை 'பிரியா' என்று கூப்பிட்டது.) சைக்கியாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் படித்த டாக்டர், அவர் இந்த விதிக்குள் வருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது. ஆனால் வெறும் 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்', 'வெல்னஸ் கோச்' என்று போர்டு மாட்டிக்கொள்ள உரிமம் எதுவும் கேட்பாரில்லை. 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கு ஒரு ஆணையச் சட்டம் வந்தது, ஆனாலும் ஆப்புகளில் இப்போது நடப்பது இதுதான். மருத்துவருக்கான விதியின் பெயரைச் சொல்லி மருத்துவரே இல்லாத ஆளை உட்கார வைக்கிறார்கள். விளம்பரத்தில் "விதிகளுக்கு உட்பட்டது" என்பதன் லட்சணம் இவ்வளவுதான்.

எம்எஸ்சி சைக்காலஜி முறையாகப் படித்து, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் பழகி, ஆர்சிஐ எண் இல்லாமல் நன்றாக வேலை செய்யும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லவில்லை. அவர்களிடம் எங்கே படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டால் கோபப்பட மாட்டார்கள், சொல்லிவிடுவார்கள்.

பணம் போனதை ஒரு மாதிரி ஜீரணித்துக்கொண்டேன். அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். பேக்கேஜ் முடிந்த பிறகும் மாதம் 1,999 ரூபாய் ஆட்டோபேயில், அதாவது கணக்கிலிருந்து தானாகவே, போய்க்கொண்டிருந்தது. பணம் கட்டும்போதே அந்த அனுமதியையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். கேன்சல் பட்டனை அழுத்தினால், 'எங்கள் கேர் டீம் உங்களை அழைக்கும்' என்று வரும். அழைத்தார்கள். ஒரு பையன், குரலில் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஆப்பைத் திறங்கள், வழி சொல்கிறேன் என்றான். போட்டேன்.

"சார், ஏன் நிறுத்தறீங்க? உங்களுக்கு இன்னும் சரியாகலையே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்க்ரீன்ல இருக்கு சார். அப்பா கடன் விஷயம் பேசியிருக்கீங்க, வீட்ல இன்னும் சொல்லலைன்னு மேடம் நோட்ஸ் போட்டிருக்காங்க. இந்த டைம்ல விட்டா திரும்ப அட்டாக் வரும் சார். ஆறு மாச பிளான் எடுத்துக்கோங்க, நாப்பது பர்சன்ட் ஆஃப் போட்டுத் தர்றேன்."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, என்ன கடன்?" என்றாள்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது எங்கள் விஷயம். ஆனால் எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்பது என் கையில் இருந்திருக்க வேண்டும். பிளான் விற்கும் ஒருவன் கையில் அது இருந்தது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை, டார்கெட் வைத்திருப்பார்கள். அவன் ஸ்க்ரீனுக்கு என் செஷன் குறிப்பைத் திறந்துவிட்டவர்கள் மேல்தான் கோபம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு, சிகிச்சை தருபவர் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. 24-ஆவது பிரிவு, மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் அந்த ரகசியம் பொருந்தும் என்கிறது. 'நாங்கள் வெல்னஸ் கம்பெனி, மருத்துவமனை இல்லை' என்பதுதான் ஆப்காரர்களின் தப்பிக்கும் வழி. எனக்கு மெயிலில் வந்ததும் அதே பதில்தான்.

உலகத்திலேயே பெரிய தளங்களின் லட்சணமும் இதில் பெருமைப்படும்படி இல்லை. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் மனநல ஆலோசனைத் தளம், ஆட்கள் நிரப்பிக்கொடுத்த கேள்வித்தாள் விவரங்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் குறிப்புகளைத் திருடிய ஆள், 2020-ல் நோயாளிகளுக்கே நேராக மெயில் அனுப்பி, பணம் தராவிட்டால் நீ பேசியதை வெளியிடுவேன் என்று மிரட்டினான். கம்பெனி திவாலானது, அவனுக்கு 2024-ல் ஆறு வருடத்துக்கு மேல் சிறை. அதனால் ஆப்பில் சேரும் முன் முதலில் கேட்க வேண்டியது, செஷன் குறிப்பை யார் யார் பார்ப்பார்கள் என்பது. தெரபிஸ்ட் மட்டும் என்று எழுத்தில் தராத இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆன்லைன் சிகிச்சையே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் இது கொரோனாவில் முளைத்த விஷயமும் இல்லை. சென்னையில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனம் 2010 வாக்கிலேயே புதுக்கோட்டை மாவட்டத்து கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, அதற்குள் இருக்கும் திரையில் சென்னை டாக்டரோடு பேச வைத்து, மருந்தும் அங்கேயே கொடுத்தது. முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கும் அப்புறம் தெரிந்தது.

14416-க்குப் போன் போட்டேன். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி அது, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். எடுத்தவர் என் கதையைக் கேட்கும் முன் கேட்ட கேள்விகள்: இப்போது எங்கிருந்து பேசுகிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, பேச வசதியான இடமா, உயிரை விடும் எண்ணம் ஏதாவது வருகிறதா. ஆட்டோ மேடம் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. தூரத்தில் இருக்கும் ஆளுக்குச் சிகிச்சை தருபவருக்கு, அவசரம் என்றால் எந்த ஊருக்கு, யாருக்குப் போன் போடுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். லைன் கட் ஆனால் யார் திரும்பக் கூப்பிடுவது என்பதும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டியது.

அவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வழிகாட்டினார்கள். ஒருமுறை நேரில் பார்த்த பிறகு, ஆர்சிஐ பதிவுள்ள ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் வீடியோவில் தொடர்ந்தேன். பதிவு எண்ணை அவரே முதல் நாள் அனுப்பிவிட்டார், ஆர்சிஐ தளத்தில் தேடிப் பார்த்துக்கொண்டேன். அவர் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. போனை மாடிப்படிக்கு நேராகச் சாய்த்து வைக்கச் சொல்லி, வேகமாக ஏறி இறங்க வைத்தார். நெஞ்சு அடிக்க ஆரம்பித்ததும், "இப்ப நில்லுங்க. பயம் பத்துக்கு எவ்வளவு? எதுவும் செய்யாதீங்க, பாத்துட்டே இருங்க" என்றார். இன்னொரு நாள் ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாக இறங்குவதை உடம்புக்குக் காட்டுவது. பேனிக்குக்கு இது பழகிய சிகிச்சை முறைதானாம். வாரா வாரம் நோட்டில் எழுதி வரச் சொல்லித் திருத்துவார். நேரில் போயிருந்தால்கூட என் வீட்டுப் படியில் இதைச் செய்திருக்க முடியாது.

ஆட்டோபே விஷயத்தில் கம்பெனிக்காரனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. எந்த யுபிஐ ஆப்பில் கட்டினீர்களோ அதிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்துவிடலாம். பணம் எடுக்க ஒரு நாள் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். சேர்வது சுலபம், வெளியேறுவது கஷ்டம் என்று வைப்பதை 'சந்தா பொறி' என்று 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதியிலேயே தடை செய்திருக்கிறார்கள். பொய்க் கடிகாரமும் அந்தப் பட்டியலில் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலே நான் போட்டிருக்கிறேன்.

என் குறிப்புகளை அழித்துவிட்டோம் என்று எழுத்தில் தரச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தேன். "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்திருக்கிறது. இதே மாதிரி கேர் டீமிலிருந்து உங்களுக்கும் போன் வந்து, நீங்கள் செஷனில் சொன்னதை அவர்கள் வாயால் கேட்டிருந்தால், அழைப்பு வந்த தேதி, நேரம், எண் மூன்றையும் குறித்துவைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். ஆணையத்தில் ஒரே ஆளின் புகாராக நிற்பதைவிட நாலு பேராக நிற்பது நல்லது.