காகிதக் கவசம் ஆர்டர் பண்றவங்க இதைப் படிச்சிட்டுப் பணம் போடுங்க

4,200 ரூபாய். பழைய நியூஸ்பேப்பருக்கும் அட்டைப்பெட்டிக்கும் 4,200 ரூபாய் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடணும். அடங்கிட்டா நானும் 'போனா போகுது'ன்னு விட்டுடுவேன், இவங்க பிழைப்பே அதுலதான் ஓடுது.

பையனுக்கு ஸ்கூல் ஆண்டு விழாவில் கர்ணன் வேஷம். வாடகைக்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் கவசம் கழுத்தை அறுக்குதுன்னு அழுதான். மார்புக்கவசம், தோள்கவசம், கிரீடம், குண்டலம் எல்லாமே காகிதக்கூழில் செஞ்சு தர்றோம்னு ரீல்ஸ் போட்டு விக்கிற ஒரு பக்கம் கண்ணுல பட்டுச்சு. பேர் இப்போதைக்கு வேண்டாம், புகார் கொடுத்துட்டிருக்கேன்.

பேசின பொண்ணு அவ்வளவு பதவிசு. "ஏழு அடுக்கு ஒட்டுவோம்க்கா, ஒண்ணு காய்ஞ்சப்புறம்தான் அடுத்தது. கூழ்ல வெந்தயம் அரைச்சுச் சேர்ப்போம், பூச்சி அண்டாது." அந்த வெந்தயம்தான் என்னைக் கவுத்துச்சு. எங்க ஆச்சி பேப்பரை ஊறவச்சு, வெந்தயத்தோட ஆட்டுரல்ல ஆட்டி முறத்துக்குப் பூசுவாங்க. அந்த முறம் வருஷக்கணக்கா உழைச்சது. சரி, வேலை தெரிஞ்ச கைதான்னு நினைச்சேன். கவசத்தை விரலால தட்டி டொக் டொக்னு சத்தம் காட்டுற வீடியோவும் வந்துச்சு. பாதி அட்வான்ஸ் தர்றேன்னதுக்கு, "மழைக்காலம்க்கா, காயவே நாளாகும், முழுசாப் போட்டீங்கன்னா இன்னைக்கே ஆரம்பிச்சிடுவோம்"னா. முழு 4,200-ஐயும் ஜிபே பண்ணினேன்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்சல் வந்துச்சு. பிரிச்சதும் புளிச்ச பசை வாடை. மார்புக்கவசம் நமுத்த அப்பளமாட்டம் தொங்குது. ஓரத்தைக் கிழிச்சுப் பார்த்தேன். ஏழு அடுக்காம்! அட்டை மேல ஒரே ஒரு சுத்து பேப்பர், அது மேல தங்கக் கலர், உள்பக்கம் கறுப்பாப் பூஞ்சணம். அட்டைக்குள்ள இருக்கிற நெளிவு மேலிருந்து கீழா ஓடினாத்தான் நெஞ்சைச் சுத்தி வளையும். இவங்க குறுக்கே வெட்டியிருக்காங்க, நட்டநடுவுல ஒடிஞ்சு மடிப்பு விழுந்திருச்சு. தோள்கவசம் தெர்மாகோல். அதுல நேரடியா ஸ்பிரே பெயிண்ட் அடிச்சா கரைச்சுத் தின்னுடும், மேல பேப்பர் ஒட்டிட்டுத்தான் அடிக்கணும். இது முழுக்கக் குழி குழியா இருக்கு.

கர்ணன்கிட்ட கவசத்தை வாங்க இந்திரனே வேஷம் போட்டு வர வேண்டியிருந்துச்சு. இது, பையன் குனிஞ்சு செருப்பு மாட்டும்போதே தானாக் கழண்டு விழுந்துச்சு. வெல்க்ரோவைத் தைக்காம ஹாட் குளூ வச்சு ஒட்டியிருக்காங்க. ராத்திரியோட ராத்திரியா மறுபடி அதே வாடகைக் கவசம்தான்.

அப்புறம் ஆரம்பிச்சது கூத்து. போட்டோ அனுப்பினேன். "கொரியர்ல நனைஞ்சிருக்கும்க்கா." பெட்டி காய்ஞ்சுதானே இருக்குன்னேன். "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" இல்லைன்னேன். "ஹேண்ட்மேட் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது, பயோல போட்டிருக்கோமே." போன் பண்ணினா ஓனர் ஊர்ல இல்ல. ஓனர்னு ஒருத்தர் லைனுக்கு வந்து, "மேடம், நீங்க ஈரமான ரூம்ல வச்சிருப்பீங்க"ன்னாரு. வந்து ஒரு ராத்திரிகூட ஆகலையேய்யா! பாதியாவது திருப்பிக் கொடுங்கன்னு கேட்டதும் பிளாக். அவங்க பக்கத்துல நான் போட்ட கமெண்டும் காணோம். 4,200 ரூபாய்க்கு மொத்தமா ஒரு ஸ்மைலி வந்துச்சு.

வீட்டிலேயே எப்படிச் செய்யலாம்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடலை. சுருக்கமா: முழுப் பணம் முன்னாடியே போடாதீங்க. வெட்டின ஓரத்தைக் கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அடுக்கு எத்தனைன்னு தெரிஞ்சிடும். பார்சலை வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. பணம் வாங்கிட்டுப் பொருளே அனுப்பலைன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. இந்த மாதிரி குப்பையை அனுப்பினா நுகர்வோர் உதவி எண் 1915. அங்கதான் இப்ப லைன்ல காத்திருக்கேன், பாட்டு ஓடிக்கிட்டிருக்கு.