வடக்குச் சுவருக்கு எந்தப் பெயின்ற்?

நோர்வேயின் பேர்கனில் மரவீடு வாங்கி மூன்றாவது வருடம், வடக்குப் பக்க யன்னலுக்குக் கீழே வெள்ளைப் பலகையில் மிளகுத்தூளைத் தூவிவிட்டதுபோலப் புள்ளிகள். அடுத்த வசந்தத்தில் அவை ஒன்றுசேர்ந்து கறுப்புத் திட்டாகிவிட்டன. ஆள் பிடித்து மேலே புதிய வெள்ளை அடித்தோம். ஒரேயொரு மாரிகாலம்தான், திரும்பவும் அதே திட்டு, அதே இடத்தில். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, என்னென்ன பெயின்ற் இருக்கிறது, எது இந்த ஊருக்குச் சரிவரும் என்று தேடத் தொடங்கினேன். நோர்வேயில் மரவீட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 2006 ஒக்டோபர் இறுதியில் தொடங்கிய மழை, ஒரு நாள்கூட விடாமல் 85 நாள் பெய்தது. ஒஸ்லோவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீற்றர்தான். ஒஸ்லோவில் இருக்கும் மச்சான் "எண்ணெய்ப் பெயின்ற்தான் மரத்துக்குள்ளே இறங்கும், அதையே அடியுங்கோ" என்றார். அவர் வீட்டுச் சுவர் பளிச்சென்று இருப்பதும் உண்மை. ஆனால் அவருடைய சுவர் மழை விட்டதும் காய்ந்துவிடும். என்னுடையது காயாது.

சுவரில் வந்த அந்தக் கறுப்புத் திட்டு பூஞ்சணம். இது மரத்தை உக்க வைக்கும் பூஞ்சை இல்லை. பெயின்றின் மேல்தோலில் குடியிருப்பது. ஈரமும், கொஞ்சம் மகரந்தமோ தூசியோ இருந்தால் அதற்குப் போதும். பெயின்றில் உள்ள எண்ணெயும் அதற்குச் சாப்பாடுதான். வெப்பக்காப்பு நன்றாகப் போட்ட வீடுகளில் இது அதிகம் வருவதற்கும் காரணம் உண்டு: உள்சூடு வெளியே கசியாததால் வெளிப்பலகை குளிர்ந்தே கிடக்கிறது, இரவில் பனிநீர் படிகிறது, மெதுவாகத்தான் காய்கிறது.

இனிப் பெயின்றுக்கு வருவோம்.

ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்ற்தான் இவற்றில் மூத்தது. பழைய மரவீடுகளுக்கு இதைவிட அழகானது இல்லை. உரிந்து விழாது, வெயில்பட்டு மெல்ல மாவாகும், மேலே எண்ணெய் பூசினால் உயிர் வரும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு விருந்து. அந்தக் காலத்து வெள்ளையில் இருந்த துத்தநாக ஒட்சைட்டு பூஞ்சணத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்தது. இன்றைய வெள்ளையில் பெரும்பாலும் தைத்தானியம் ஈரொட்சைட்டுத்தான், அதற்கு அந்தக் குணம் இல்லை. அதனால் இதை வாங்குவதானால் துத்தநாகம் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொரு தொல்லை, ஒவ்வொரு பூச்சும் காய நாட்கணக்கு ஆகும். பேர்கனில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல மழையில்லாமல் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மச்சான் சொன்னது அல்கைட், அதாவது எண்ணெயோடு செயற்கைப் பிசின் சேர்த்த பெயின்ற். பளபளப்பு நல்லது, பழைய மாப்பிடித்த சுவரிலும் ஒட்டும். வருடங்கள் போகப் போக இறுகி, மரம் விரிந்து சுருங்கும்போது கூடவே அசைய முடியாமல் வெடிக்கிறது. வெடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. எண்ணெய் அடிப்படை என்பதால் பூஞ்சணமும் எளிதில் பிடிக்கிறது. மழைப் பக்கத்து மேல்பூச்சுக்கு நான் இதை எடுக்கமாட்டேன்.

அக்ரிலிக் என்பது பிளாஸ்ரிக் வகைப் பிசினைத் தண்ணீரில் கலந்த பெயின்ற். மரத்தோடு சேர்ந்து இழுபடும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே வர விடும், சில மணிநேரத்தில் காயும். பூஞ்சணத்துக்கு அதில் தின்ன எதுவும் பெரிதாக இல்லை. போதாததற்குப் பூஞ்சணக்கொல்லியும் கலந்திருக்கும். குறையும் உண்டு. வெறும் மரத்துக்குள் எண்ணெய் அளவுக்கு இறங்காது. மாலையில் அடித்து இரவுப் பனி பட்டால் கோடு கோடாக வழியும். அந்தப் பூஞ்சணக்கொல்லி காலப்போக்கில் மழையோடு கரைந்து மண்ணுக்குப் போகிறது, அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பக்கத்தில் ஓடையோ குளமோ இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சுவீடனின் ஃபாலுன் சிவப்பும் இருக்கிறது. செப்புச் சுரங்க மண், ரை (rye) தானிய மா, இரும்பு சல்பேற்று, ஆளிவிதை எண்ணெய், தண்ணீர். நன்றாக மூச்சு விடும் பூச்சு. ஆனால் சீவுளி போட்டு இழைக்காத சொரசொரப்பான பலகைக்குத்தான் பிடிக்கும், ஏற்கெனவே வேறு பெயின்ற் அடித்த சுவருக்கு ஆகாது.

நான் எடுத்த முடிவு: வெறும் மரம் தெரியும் இடத்துக்கு எண்ணெய் அடிப்பூச்சு, மேலே இரண்டு பூச்சு அக்ரிலிக். இரண்டின் நல்லதும் ஒரே சுவரில் கிடைக்கிறது. பலகையின் வெட்டுமுனைகளில் அடிப்பூச்சைத் தாராளமாக ஊற விட்டேன், தண்ணீர் உறிஞ்சுவது அங்கேதான்.

முதல்முறை எங்கே பிழை நடந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கழுவாமல் அடித்திருந்தார்கள். உயிரோடு இருக்கும் பூஞ்சணத்தின் மேல் எதை அடித்தாலும் அது துளைத்துக்கொண்டு மேலே வரும். உங்கள் சுவரில் இருப்பது அழுக்கா பூஞ்சணமா என்று தெரியாவிட்டால், பஞ்சில் ஒரு துளி பிளீச் தொட்டுக் கறுப்பின் மேல் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். வெளுத்தால் பூஞ்சணம், வெளுக்காவிட்டால் அழுக்கு. நான் கடையில் விற்கும் பூஞ்சணக் கழுவுநீரை அடித்து, ஊற விட்டு, மென்மையான பிறஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். செடிகளை முன்கூட்டியே நனைத்து மூடினேன். பிளீச்சையோ அந்தக் கழுவுநீரையோ எந்த அமிலத்தோடும் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும். பிறகு பலகையின் ஈரம் 18 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை அளவுகருவியோடு பொறுத்திருந்தேன். ஒன்பது நாள் ஆனது.

நிறத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். கடும் நிறம் வெயிலில் சூடாகிச் சீக்கிரம் காயும், புள்ளியும் தெரியாது. ஆனால் அதே சூட்டில் பலகை வெடிக்கும், கணுவில் பிசின் வழியும். நான் வெளிர் சாம்பலுக்கு மாறினேன்.

இப்போது ஐந்து வருடம். வருடாவருடம் மே மாதம் சுவரைச் சாதாரணமாகக் கழுவி விடுகிறோம். ஒரேயொரு மூலையில் மட்டும் போன வருடம் மிளகுத்தூள் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தால் அதற்கு நேர் மேலே கூரைத் தண்ணீரைக் கொண்டுபோகும் பீலி ஒழுகிக்கொண்டிருந்தது. பெயின்றில் கைவைக்கவில்லை, பீலியைத்தான் மாற்றினேன்.