ஒரு கையால் இயங்கினால் வாங்கலாம்: இரண்டு குழந்தைகள் புழங்கிய பொருள்கள்

குழந்தைக்கென்று எதை வாங்கப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை ஒரே கையால் இயக்க முடியுமா? இன்னொரு கையில் குழந்தை இருக்கும். கடையில் விற்பவர் இரண்டு கையாலும் மடித்துக் காட்டும்போது எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். அதனால் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நானே ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பேன். மூத்தவளுக்கு இப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு முடிந்துவிட்டது. இருவர் கையிலும் தப்பிப் பிழைத்த பொருள்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் இடம் பேபி கேரியருக்கு. ஒரு கை போதாத வீட்டில் இரண்டு கையையும் திருப்பித் தரும் பொருள் அது ஒன்றுதான். மாலையில் காரணமே இல்லாமல் அழும் பச்சைக் குழந்தை, நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாலு நடை நடந்தால் அடங்கிவிடும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இடுப்புப் பட்டை அகலமாக, கெட்டியாக இருக்க வேண்டும். எடை தோளில் தொங்காமல் இடுப்பில் இறங்கினால்தான் குழந்தை வளர வளர முதுகு தாங்கும். இரண்டு, குழந்தையின் தொடை முழுவதையும் துணி தாங்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, கால்கள் தவளைபோல் விரிந்திருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. கால்கள் நேராகத் தொங்கும் குறுகலான வகையை நான் தொடமாட்டேன்.

கட்டிய பிறகு, தலை குனிந்தால் குழந்தையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் அது இருக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும், தாடை மார்பில் அழுந்தக் கூடாது. பிறந்த சில வாரக் குழந்தைக்குத் தலை முன்னால் மடிந்தாலே மூச்சு தடைபடலாம், ஆகவே இதில் சமரசமே வேண்டாம். அப்புறம், வீட்டில் இருவரும் சுமப்பதாக இருந்தால் இருவரும் போட்டுப் பாருங்கள். பட்டையை முன்பக்கமாக இழுத்து இறுக்கும் வகை, வேறு யாருடைய உதவியும் இல்லாமல் சரிசெய்துகொள்ள வசதி.

அடுத்தது ஹை சேர். இதில் எல்லாரும் தட்டைத்தான் பார்க்கிறார்கள், நான் பாதம் வைக்கும் பலகையைப் பார்க்கச் சொல்வேன். உயரமான நாற்காலியில் கால் அந்தரத்தில் தொங்க உட்கார்ந்து நாமே சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும், உடம்பு நிலைகொள்ளாது. குழந்தைக்கும் அப்படித்தான். பாதம் ஊன்றினால் முதுகு நிமிர்கிறது, கை தட்டுக்கு நிதானமாகப் போகிறது, மென்று விழுங்குவதில் கவனம் நிற்கிறது. இருக்கையையும் கால் பலகையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் மர நாற்காலிகளுக்கு முன்னோடி, நார்வேயின் பீட்டர் ஓப்ஸ்விக் 1972-இல் வடிவமைத்த ட்ரிப் ட்ராப். எங்களுடையது அதே வழியில் வந்த எளிய ஒன்று. இன்று சின்னவன் உட்காரும் அந்த நாற்காலி நாளைக்கு வரைவதற்கும் எழுதுவதற்கும் ஆகும். மெத்தை வைத்த வகை வேண்டாம். தையல் இடுக்கில் போன சோற்றை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது.

கார் சீட்டுக்கு மட்டும் என் ஒரு கைக் கணக்கு செல்லாது. அங்கே இரண்டு கையும் முழு கவனமும் வேண்டும். முடிந்தவரை அதிக நாள் பின்னோக்கி உட்கார வைக்கும் சீட்டைத் தேடி வாங்குங்கள். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அந்தக் கனத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கு வர வருடங்கள் ஆகும். முன்பக்கம் மோதினால், பின்னோக்கிய சீட் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சேர்த்துத் தாங்கி விசையைப் பரப்பிவிடும். ஐரோப்பாவில் குழந்தைகளின் கார் சீட்டுக்கென உள்ள ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை இதைக் கட்டாயமாக்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியோ, சீட் அனுமதிக்கும் உயர, எடை வரம்பு வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது. கால் மடங்குகிறதே என்று பெரியவர்கள்தான் கவலைப்படுகிறார்கள். குழந்தைகள் சம்மணமிட்டு நிம்மதியாகவே வருகிறார்கள்.

பக்கவாட்டில் சுழலும் சீட் கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் இரண்டு வயதுக் குழந்தையைத் தினமும் ஏற்றி இறக்கும் முதுகுக்கு அது தகும். பட்டையை இறுக்கிய பின் தோள்பக்கம் விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பட்டை போடுங்கள், குளிருக்குப் போர்வையை மேலே போர்த்தினால் போதும்.

தூக்கத்துக்கு வேண்டியது மிகக் குறைவு. கெட்டியான, சமதளமான மெத்தை, இறுக்கிப் போட்ட ஒரு விரிப்பு, வேறொன்றும் வேண்டாம். தலையணை, தொட்டிலின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பான பம்பர், பொம்மை எல்லாம் வெளியே. பம்பர்களையும் சாய்வுத் தூக்கப் படுக்கைகளையும் விற்கக் கூடாது என்று அமெரிக்கா 2022-இல் சட்டமே போட்டது. போர்வைக்குப் பதிலாக, குழந்தைக்கு உடைபோல் மாட்டிவிடும் தூக்கப் பையான ஸ்லீப்பிங் பேக் வாங்குங்கள், அதுவும் கீழிருந்து திறக்கும் ஜிப் உள்ளதாக. நடுராத்திரியில் டயப்பர் மாற்றும்போது மார்பு திறக்காது, குழந்தை முழுசாக விழிக்காது, ஒரு கையே போதும். கழுத்து வளையம் தலைக்கு மேல் நழுவாத அளவாக இருக்கட்டும். எடை சேர்த்த பைகள் வேண்டவே வேண்டாம்.

சின்னச் சின்னப் பொருள்களில் நான் யாருக்கும் தயங்காமல் சொல்பவை: மஸ்லின் துணி (நினைப்பதைவிட இரண்டு மடங்கு வாங்குங்கள்), மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, தரையில் விரிக்கும் டயப்பர் விரிப்பு, டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதால், தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்பி இருக்க முடியாது. நடக்கத் தொடங்கிய பிறகு, அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் பட்டை. இழுப்பறைகளைத் திறந்து படிபோல ஏறுவது எல்லாக் குழந்தைக்கும் வரும் ஆசை. அப்புறம் ஒரு அகலமான படி ஸ்டூல். கை கழுவவும் பல் தேய்க்கவும் தானே ஏறி நிற்கும்போது அந்த முகத்தில் வரும் பெருமைக்காகவே அதை வாங்கலாம்.

பேபி வாக்கர் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நடக்க அது உதவுவதில்லை. அதிலிருக்கும் வேகத்தில் குழந்தை படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். கனடா 2004-இல் அதைத் தடையே செய்துவிட்டது. ஈரத் துடைப்பானைச் சூடாக்கும் கருவியும் நடக்காத குழந்தைக்கு ஷூவும் தேவையில்லாத செலவு.

பழைய பொருள் வாங்குவது நல்லதே. நாற்காலி, உடை, மரக்கட்டைகள் எல்லாம் அப்படி வாங்கலாம். கேரியரில் கொக்கியும் தையலும் உறுதியா என்று இழுத்துப் பார்த்தால் போதும். ஆனால் முன்கதை தெரியாத கார் சீட்டை மட்டும் வாங்காதீர்கள். ஒருமுறை மோதியது வெளியே தெரியாது. தெரிந்தவர் தந்தால்கூட, சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.