சித்தப்பாவின் ஹெரால்டுக்கு எச்டிஆர் போட்டோஷூட்: 7,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்டூடியோ பெயரைப் போடப்போவதில்லை. நாகர்கோவில் அவ்வளவு பெரிய ஊர் இல்லை, வடசேரியில் டீ குடிக்கப் போனால் அந்தப் பையன்கள் பக்கத்துப் பெஞ்சில்தான் இருப்பார்கள், தவிர அவர்கள் செய்த வேலையில் பாதி உண்மையிலேயே நன்றாக இருந்தது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் புலம்பல். வீட்டில் பழைய கார் இருக்கிறது, கல்யாண ஆல்பம் மாதிரி அதற்கும் ஒன்று போடலாம் என்று நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வண்டி 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ, இளம்பச்சை, எங்கள் பாட்டா வாங்கியது, இப்போது சித்தப்பா கையில். அம்பாசிடரும் ஃபியட்டும் தெரிந்த அளவுக்கு ஹெரால்டை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இது, உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி, இங்கே செய்தது சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம். 948 சிசி என்ஜின். அங்கே இரண்டு கதவோடு ஓடிய வண்டிக்கு நாலு கதவு வைத்தது நம் ஆட்கள். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகச் சாயும், மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும் என்பதால் எங்கள் தெருவில் வேறு எந்தக் காரும் செய்யாத காரியத்தை இது செய்யும்.

போன மாதம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் உருப்படியாக நாலு படம் வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஒரே பிடிவாதம். ‘விண்டேஜ் கார் எச்டிஆர் பேக்கேஜ்’ என்று இன்ஸ்டாவில் பார்த்துப் பிடித்துக்கொடுத்தவன் நான்தான், அதனால் திட்டு வாங்கியதும் நான்தான். 20 படம், அதில் ஒன்று 18க்கு 24 இன்ச்சில் ஃபிரேம் போட்டு, எல்லாம் சேர்த்து 7,500. அட்வான்ஸ் 3,000.

எச்டிஆர் என்றால் போனில் இருக்கிற அதே சங்கதிதான், பெரிய கேமராவில் கொஞ்சம் பொறுமையாகச் செய்வது. காரைப் படமெடுப்பதில் வம்பு என்னவென்றால், குரோமிய பம்பர் மேல் வெயில் பட்டு கண்ணைப் பறிக்கும், அதற்கு ஒரு முழம் கீழே சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவுக்குள் கும்மிருட்டு. இரண்டையும் ஒரே சொடுக்கில் பிடிப்பது கஷ்டம். அதனால் கேமராவை அசையாமல் வைத்து, ஒன்று சரியான வெளிச்சத்தில், இரண்டு இருட்டாக, இரண்டு வெளுப்பாக என்று ஐந்து எடுத்து கம்ப்யூட்டரில் சேர்க்கிறார்கள். சேர்த்தபின் வருகிற ஃபைலில் இருக்கிற அத்தனை வெளிச்ச வித்தியாசத்தையும் சாதாரண மானிட்டர் காட்டாது, பேப்பர் சுத்தமாகக் காட்டாது (நான் ஜெராக்ஸ், பிரின்டிங் கடை வைத்திருப்பவன், பேப்பரின் யோக்கியதை எனக்குத் தெரியும்), ஆகவே அதை மறுபடி அமுக்கிச் சுருக்கவேண்டும். டோன் மேப்பிங் என்பது இந்த அமுக்கல். எடுக்கும்போது கெடுவதைவிட இந்த இடத்தில் கெடுவதுதான் அதிகம்.

முதல் நாள் வட்டக்கோட்டை. விடிகாலை ஐந்தேகாலுக்கே வந்து நின்றார்கள், அதற்கு ஒரு சபாஷ், எங்கள் வீட்டில் நாங்களே கிளம்பியிருக்கவில்லை. கோட்டைக்கு வெளியே கருங்கல் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினோம். கிழக்கே கடலில் சூரியன் வருகிறது, வண்டியின் எங்களைப் பார்த்த பக்கம் முழுக்க நிழல். எச்டிஆர் போட வேண்டிய இடமென்றால் இதுதான். கனமான டிரைபாட், ஃபோகஸை ஒருமுறை பிடித்து மேனுவலில் பூட்டிவிட்டு, கேமராவைக் கையால் தொடாமல் ரிமோட்டில் 1/250 வினாடியிலிருந்து 1/15 வினாடி வரை ஐந்து சொடுக்கு. அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துளை) மாற்றாமல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றினான் கேமரா பிடித்த ஸ்டூடியோத் தம்பி. கேட்டேன். “அப்பர்ச்சர் மாறினா ஒண்ணுல பின்னாடி கல்லு தெளிவா இருக்கும், ஒண்ணுல இருக்காதுண்ணா, சேத்தா ஒட்டாது” என்றான். விஷயம் தெரிந்த பையன்.

கூட வந்த உதவியாளன்தான் சிவப்பு டி-ஷர்ட் போட்டிருந்தான். குரோமிய வீல் கப் என்பது உருண்டைக் கண்ணாடி மாதிரி, முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து படத்துக்கும் நடுவில் அவன் இரண்டடி நகர்ந்திருக்கிறான். சேர்த்த படத்தில் முன்சக்கரத்து வீல் கப்புக்குள் ஒரு சிவப்பு இழுப்பு, வெற்றிலை துப்பினது போல. டெலிவரி கொடுத்த படத்திலும் அது அப்படியே இருந்தது. பழைய கார் எடுக்கப் போகிறவர்கள் சாம்பலோ கறுப்போ போட்டுக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் முப்பந்தல். காற்றாலை பின்னணியில் பழைய கார் என்று யோசனை சொன்னது ஸ்டூடியோக்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் போனது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் காற்று எப்படி வரும் என்று இந்த ஜில்லாக்காரனுக்குச் சொல்லவேண்டாம், ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் டிரைபாட் எந்த மூலைக்கு. அதன் நடுக்கொக்கியில் கேமரா பையைத் தொங்கவிட்டார்கள், பை ஊஞ்சலாடி அதுவே காலைத் தட்டியது. ஹெரால்டின் பழைய ஸ்பிரிங் மேல் வண்டியே லேசாக ஆடிக்கொண்டிருந்தது, லாரி ஒன்று போனால் இன்னும் கொஞ்சம். ஐந்து படத்திலும் வண்டி ஒரே இடத்தில் இல்லை. காற்றாலை இறக்கை எந்தப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கப்போவதில்லை. சேர்த்தபோது பின்னால் இருந்த மூன்று இறக்கைக் காத்தாடிக்கு ஒரு டஜன் இறக்கை, பாதி கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிறது. நம்பர் பிளேட்டில் எழுத்து இரட்டை இரட்டையாக. ஓரத்தில் நின்ற சித்தியின் சேலைத் தலைப்பு பேய் மாதிரி.

இதற்கு மென்பொருளிலேயே வழி இருக்கிறது. கோஸ்ட் நீக்குவது என்று ஒரு வசதி, அசைகிற இடத்துக்கு மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதைப் போடவே இல்லை. இல்லையென்றால் அந்த இடத்தில் எச்டிஆரே வேண்டாம், ஒரே சொடுக்கில் எடுத்திருக்கலாம், அன்று மேகம் மூடி வெளிச்சம் சமமாகத்தான் இருந்தது. பேக்கேஜ் பெயரில் எச்டிஆர் இருக்கிறது என்பதற்காக எல்லாப் படத்துக்கும் எச்டிஆர் போட்டிருக்கிறார்கள்.

12 நாள் கழித்து டிரைவ் லிங்க் வந்தது. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தார், பெரிய மானிட்டரில் திறந்தேன். முதல் படம் வட்டக்கோட்டை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “ஏலே மக்கா, இது நம்ம வண்டியாடே? திருவிழா சப்பரம் மாதிரி இருக்கு.”

தப்பே சொல்ல முடியாது. இளம்பச்சை பளபளவென்று பிளாஸ்டிக் வாளி நிறத்துக்குப் போயிருந்தது. வானம் மழை வருகிற மாதிரி சாம்பல் அழுக்கு, அன்று காலையில் ஒரு துளி மேகம் கிடையாது. வண்டியின் கூரையைச் சுற்றி சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அப்படி ஒரு ஒளிவட்டம். அமுக்குகிற ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளினால் இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற விளிம்பில் இது வரும். இடது பின்கதவில் ஒரு பட்டி வேலை உண்டு, பாட்டா ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசியது, கோட்டாறில் ஒரு பெயின்டர் கலர் சேர்த்து அடித்ததில் மஞ்சள் ஒரு சொட்டு கூடிவிட்டது. நேரில் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் அது கண்ணில் படும். படத்தில் காய் மாங்காயில் பழுத்த துண்டை வெட்டி ஒட்டியது போல இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் இதைப் பார்த்திருந்தால் விலையைக் குறைத்திருப்பார்.

இந்த வித்தை ஒன்றும் புதிது கிடையாது. 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே பிரின்டில் சேர்த்திருக்கிறார். சாதா கேமராவில் பல வெளிச்சத்தில் எடுத்ததைக் கணக்குப் போட்டு ஒன்றாக்குகிற முறையை பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் 1997இல் எழுதினார்கள். லெ கிரே ஒட்டுப்போட்டது சட்டென்று தெரியாது. நம் பையன்கள் ஒட்டுப்போட்டது தெரிந்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்ததாக நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, இதற்கு வாடிக்கையாளர்களும் காரணம், கண்ணைப் பறித்தால்தான் லைக் விழுகிறது.

நேரில் போய் ரா ஃபைல்களை, அதாவது எடிட் செய்யாமல் கேமரா பதிந்த அசலை, கேட்டேன். “அண்ணா, ரா யாருக்கும் குடுக்கிறது இல்ல” என்றான் தம்பி. அரை மணி நேரம் பேச்சு, கூட 500 ரூபாய், பென்டிரைவில் வாங்கிவிட்டேன். இதை முதலிலேயே பேசி எழுதி வாங்கியிருக்கவேண்டும், நான் செய்த ஒரே பெரிய முட்டாள்தனம் அதுதான்.

மூன்று ராத்திரி கடையை மூடிவிட்டு உட்கார்ந்து லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருளில் நானே சேர்த்துப் பார்த்தேன். அப்போதுதான் அவர்கள் எடுத்த விதம் எவ்வளவு சுத்தம் என்று தெரிந்தது. வட்டக்கோட்டைக்கு ஐந்தில் மூன்று படமே போதுமாக இருந்தது, வானத்தை வானமாகவும் நிழலை நிழலாகவும் விட்டால் வண்டி தானாக எழுந்து நிற்கிறது. முப்பந்தலுக்கு ஒரே ரா ஃபைலை எடுத்து நிழலைக் கொஞ்சம் தூக்கினேன், முடிந்தது. இன்றைய கேமரா சென்சார் அந்த அளவுக்குத் தாங்குகிறது.

ஆனால் எச்டிஆரின் அருமை தெரிந்தது வெளியில் எடுத்த படங்களில் இல்லை, வீட்டு ஷெட்டில் எடுத்ததில். மூன்றாம் நாள், தகரக் கூரை, ஓட்டை வழியாக ஒரு கோடு வெயில், பானெட்டைத் தூக்கி முன்னால் சாய்த்து வைத்து என்ஜினை மட்டும் எடுத்திருந்தார்கள். ஸ்டூடியோ கொடுத்த படத்தில் அது ஏதோ கிராபிக்ஸ் போலிருந்தது. நான் மெதுவாகச் சேர்த்ததில், வெயில் பட்ட ரேடியேட்டர் மூடி வெளுக்காமல் இருக்கிறது, பேட்டரி முனையில் பூத்த பச்சை வெள்ளைப் பொடி தெரிகிறது, ஹோஸ் கிளிப்பின் துரு தெரிகிறது, அதற்கும் பின்னால், என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில், மூலையில், வெள்ளை எனாமலில் சின்ன பிரஷ்ஷால் யாரோ எழுதிய தேதி: 12.4.83. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நம்பவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, துணியால் துடைத்துவிட்டு வந்தார். என்ஜின் இறக்கி ஏற்றின நாளாக இருக்கும் என்றார். இத்தனை வருஷம் அந்த வண்டிக்கு எண்ணெய் ஊற்றியவர் அதைப் பார்த்ததே இல்லை.

அந்த ஒரு படத்துக்கு 7,500ம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, சித்தப்பா ஒத்துக்கொள்ளமாட்டார்.

எடுப்பதற்கு ஐந்துக்கு நாலரை, எடிட்டிங்குக்கு ஒன்று, அதுவும் நேரத்துக்குப் பதில் சொன்னதற்காக. போகிறவர்கள் என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் மட்டும் எச்டிஆர் கேளுங்கள், வெளியில் எடுப்பதற்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆடி ஆவணியில் முப்பந்தல் பக்கமே போகாதீர்கள், ஒரு படத்தை மட்டும் எடிட் செய்து காட்டச் சொல்லிப் பிடித்தபின் மீதியைச் செய்யச் சொல்லுங்கள். ரா ஃபைல் விஷயத்தை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வண்டி போன செவ்வாய் லாரி ஏறிவிட்டது. ஃபிரேமுக்கு நான் சேர்த்த என்ஜின் படத்தைக் கொடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார்கள், இன்று அடுத்த புதன், போன் அடித்தால் “பிரின்டுக்குப் போயிருக்குண்ணா” என்கிறான் தம்பி.