மான்யனெல்லியா, ஜாக்கெரீனியா? இத்தாலியின் நான்காம் நிலையிலிருந்து இரண்டு பாதைகள்

ஃபிரான்செஸ்கோ மான்யனெல்லி பிறந்தது 1984இல். எமானுவேலே ஜாக்கெரீனி பிறந்தது 1985இல். இருவரும் நடுக்கள வீரர்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருவரும் ஆடியது அப்போது இத்தாலியின் நான்காம் நிலையாக இருந்த சீரி சி2 லீகில். இருவருமே பிறகு உச்ச லீகான சீரி ஏ வரை ஏறினார்கள். மான்யனெல்லி ஒரே கிளப்பில் தங்கி ஏறினார். ஜாக்கெரீனி ஊர் ஊராக மாறி ஏறினார்.

இத்தாலியக் கீழ்நிலைக் கால்பந்தை ஒரு வீரரின் வழியாகத் தொடரலாம் என்று முடிவெடுத்தபோது இந்த இருவரில் நான் தேர்ந்தெடுத்தது மான்யனெல்லியை. நண்பர்களில் பெரும்பாலோர் ஜாக்கெரீனி பக்கம்தான் நிற்கிறார்கள். அதில் வியப்பில்லை. கோப்பைகளும் தேசிய அணிச் சட்டையும் அவரிடம்தான் இருக்கின்றன.

ஜாக்கெரீனியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செசேனாவின் இளையோர் அணியில் வளர்ந்தவர். கிளப் அவரை ஃபோர்லி, பெல்லாரியா, பவீயா என்று சி2 அணிகளுக்குக் கடன் அடிப்படையில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பிக்கொண்டே இருந்தது. 2008இல் செசேனாவுக்குத் திரும்பினார். பிசோலியின் பயிற்சியில் அந்த அணி 2009இல் இரண்டாம் நிலையான சீரி பி, 2010இல் சீரி ஏ என்று இரண்டு படிகளை அடுத்தடுத்துத் தாண்டியது. 2011இல் யுவென்டஸ், அங்கே தொடர்ந்து இரண்டு லீக் பட்டங்கள். தேசிய அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே 2012 யூரோ கோப்பைப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிரானது. பிறகு சண்டர்லேண்ட், போலோன்யா, நாப்போலி, கியேவோ. 2016 யூரோவில் பெல்ஜியத்துக்கு எதிராக, சக வீரர் பொனூச்சி பின்களத்திலிருந்து தூக்கி அனுப்பிய பந்தை அடக்கி அவர் அடித்த கோல் பலருக்கும் நினைவிருக்கும். அவர் பெயர் பிரேசில்காரரின் பெயர்போல 'ஜாக்கெரீன்யோ' என்று முடிந்திருந்தால் எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள் என்று பயிற்சியாளர் கோன்டே ஒருமுறை சொன்னார். அது நியாயமான ஆதங்கம்.

மான்யனெல்லி குப்பியோவில் தொடங்கி, சில அணிகளைக் கடந்து, 2005இல் சஸ்ஸுவோலோவுக்கு வந்தார். மொதெனா மாகாணத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் ஏறத்தாழ 40,000 பேர்தான் வசிக்கிறார்கள். அங்கே பெரிய தொழில் தரை ஓடுகள் தயாரிப்பது. கிளப் அப்போது சி2வில் இருந்தது. 2006இல் மூன்றாம் நிலையான சி1, 2008இல் சீரி பி, 2013இல் சீரி ஏ, 2016இல் ஐரோப்பா லீக். இந்த எல்லா நிலைகளிலும் நடுக்களத்தில் அதே மனிதர் ஆடினார். 2022இல் ஓய்வு பெறும்போது ஒரே கிளப்புக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருந்தார். சீரி ஏயில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவருக்கு வயது 28. பல வீரர்களுக்கு அது உச்சம் கடந்து இறங்கத் தொடங்கும் வயது.

இந்தப் பாதை நேர்க்கோடாகவும் இல்லை. 2010இலும் 2012இலும் சீரி ஏ வாசல்வரை வந்த அணி மேலேறும் இடத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் தோற்றது. ஒருமுறை டொரீனோவிடம், ஒருமுறை சாம்ப்டோரியாவிடம். ஒவ்வொரு முறையும் இன்னொரு ஆண்டு சீரி பி. ஒருவழியாக மேலே வந்த பிறகு, 2013 செப்டம்பரில் இன்டரிடம் சொந்தக் களத்தில் 0-7 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் டி பிரான்செஸ்கோவை நீக்கினார்கள். புதியவரின் கீழ் அணி வரிசையாகத் தோற்றதும் டி பிரான்செஸ்கோவையே திரும்ப அழைத்தார்கள். கடைசியில் 17ஆம் இடத்தில் தப்பித்தார்கள். அத்தனை கொந்தளிப்பிலும் கேப்டன் மான்யனெல்லி மாறவில்லை. மூவர் நடுக்களத்தின் மையத்தில், தற்காப்புக்கு முன்னால் நின்று ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவருக்குச் சக வீரர்களின் பழக்கங்கள் அத்துப்படியாக இருக்க வேண்டும். யார் எந்தக் காலில் பந்தை விரும்புவார், யார் எப்போது முன்னே ஓடுவார் என்பதெல்லாம் ஒரு பருவத்தில் கைவரும் அறிவல்ல. ஆண்டுக்கு ஓர் ஊர் மாறும் கடன் வீரருக்கு அது கிடைப்பது கடினம். ஜாக்கெரீனி ஓரத்தில் ஓடி, எதிராளியைத் தாண்டி, கண்ணில் படும்படி ஆடியவர். ஒரு மாதத்திலேயே தன் திறமையைக் காட்டிவிட முடியும். அவருக்குக் கடன் பாதை ஒத்துவந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் என் தேர்வைத் தீர்மானித்தது இது எதுவும் அல்ல. கிளப் உயிரோடு இருக்குமா என்ற ஒரே கேள்விதான். இத்தாலியக் கீழ்நிலை லீகில் ஒரு வீரரின் எதிர்காலத்தை அவருடைய கால்கள் எந்த அளவுக்கு முடிவு செய்கின்றனவோ, அதே அளவுக்குக் கிளப்பின் கணக்குப் புத்தகமும் முடிவு செய்கிறது.

மூன்றாம் நிலையான இன்றைய சீரி சியில் மூன்று பிரிவுகளில் 60 அணிகள். தொலைக்காட்சிப் பணம் மேலே இரண்டு நிலைகளோடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அதனால் முதலாளியின் பை காலியானால் ஊதியம் நிற்கிறது. ஊதியம் தாமதமானால் லீக் புள்ளிகளைக் கழிக்கிறது. புள்ளிகள் போனால் பார்வையாளர்களும் போகிறார்கள். 2019 பிப்ரவரியில் ப்ரோ பியாச்சென்சா கிளப் ஊதியம் தராததால் வீரர்கள் விலகிவிட, ஏழு இளைஞர்களை வைத்துக் கூனெயோவோடு ஆட்டத்தைத் தொடங்கி 0-20 என்று தோற்றது. பிறகு லீகிலிருந்தே நீக்கப்பட்டது. கத்தானியா 2022 ஏப்ரலில் பருவம் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டது. அதன் ஆட்ட முடிவுகள் எல்லாம் அழிக்கப்பட்டன. 2025 மார்ச்சில் ஒரே பிரிவிலிருந்து தாரந்தோ, துர்ரிஸ் என்ற இரண்டு அணிகள் போயின. அந்த அணிகளில் ஆடிய நடுக்கள வீரர் எத்தனை நன்றாகப் பந்து கொடுத்திருந்தாலும், அந்தப் பருவத்தின் அட்டவணையில் அவருடைய அணியே இல்லை.

இதை வைத்து இருவரின் பாதைகளையும் பாருங்கள். ஜாக்கெரீனியை வளர்த்த செசேனா 2018இல் திவாலாகி, நான்காம் நிலையான சீரி டியில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அவர் கடைசியாக ஆடிய கியேவோ 2021 கோடையில் வரிப் பாக்கி காரணமாகச் சீரி பியில் அனுமதி மறுக்கப்பட்டு மறைந்தது. அவரும் அத்தோடு ஆட்டத்தை நிறுத்தினார். மான்யனெல்லியின் கிளப்புக்குப் பின்னால் ஜார்ஜோ ஸ்குவின்ட்ஸி இருந்தார். ஓடு ஒட்டும் பசை தயாரிக்கும் மாப்பேய் நிறுவனத்தின் உரிமையாளர். ஊரின் தொழிலும் கிளப்பின் பணமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன. சீரி ஏக்கு வந்த அதே 2013இல், கிளப் ஆடிய ரெஜ்ஜோ எமிலியா நகர மைதானத்தையே நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2019இல் ஸ்குவின்ட்ஸி இறந்த பிறகும் கிளப் குலையவில்லை. 2024இல் சீரி பிக்கு இறங்கியபோதும் அடுத்த ஆண்டே மேலே வந்தது. மாதம் தவறாமல் ஊதியம் தரும் கிளப்பில் பதினேழு ஆண்டுகள் ஆடுவது கீழ்நிலை வீரருக்கு ஒரு பட்டத்துக்குச் சமம் என்றே சொல்வேன்.

ஆட்டத்துக்குப் பிறகான வாழ்க்கையிலும் அந்தத் தங்கல் பலன் தந்தது. 2008இல் சஸ்ஸுவோலோவை சி1லிருந்து மேலே கொண்டுவந்த பயிற்சியாளர் மாஸ்ஸிமிலியானோ அல்லெக்ரி. ஓய்வுக்குப் பிறகு மான்யனெல்லி யுவென்டஸில் அவருடைய பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். பின்னர் அங்கேயே இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

இங்கே என் வாதத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இருவருமே கரையேறியவர்கள். ஒரே கிளப்பில் தங்கி, அந்தக் கிளப் ஒருநாளும் மேலேறாமல், முப்பத்தைந்து வயதில் சீரி டிக்கு இறங்கிய நடுக்கள வீரர்கள் நிறைய உண்டு. ஸ்குவின்ட்ஸி போன்ற முதலாளி வாய்ப்பது அபூர்வம். சஸ்ஸுவோலோவை விதியாகக் கொள்ள முடியாது. தவிர, கடன் பாதையும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2018 முதல் யுவென்டஸும், பிறகு அட்டலாந்தாவும் மிலானும் தங்கள் இரண்டாம் அணிகளை நேரடியாகச் சீரி சியில் இறக்கின. ஊதியக் கவலையின்றி ஓர் இளைஞர் மூன்றாம் நிலையில் ஆடிப் பழக அது வழி. அங்கிருந்து வரும் நடுக்கள வீரர்களின் முழுப் பயணத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல இன்னும் பத்தாண்டுகள் வேண்டும்.

ஓரத்தில் ஓடும் வீரராக இருந்தால் ஜாக்கெரீனியின் பாதையைத் தடுக்க மாட்டேன். மையத்தில் நிற்கும் இருபத்திரண்டு வயது வீரர், உறுதியான முதலாளி உள்ள சிறிய கிளப்புக்கும் பெரிய பெயருள்ள கிளப்பின் கடன் ஒப்பந்தத்துக்கும் நடுவே நின்றால், சிறிய கிளப்பில் கையெழுத்திடு என்றுதான் சொல்வேன். அதற்கு முன் அந்தக் கிளப் கடந்த சில பருவங்களில் ஊதியத் தாமதத்துக்காகப் புள்ளிகள் இழந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.